நெல்லை டவுனுக்குள் வரும் கார்களுக்குக் கட்டணம் விதிக்கலாமா, பஸ்ஸை முதலில் சரிசெய்ய வேண்டுமா?

கேள்வி: கொக்கிரகுளத்தான்

அனைவருக்கும் வணக்கம். சென்ற வெள்ளிக்கிழமை மாலை, மகள் நிச்சயதார்த்தத்துக்குப் பட்டு எடுப்பதற்காகக் கொக்கிரகுளத்திலிருந்து டவுனுக்குக் காரில் போனேன். வீட்டுப் பெண்கள் முன்னதாகவே பஸ்ஸில் போய்விட்டார்கள். அலுவலகம் முடிந்து நான் மட்டும் தனியாகப் புறப்பட்டேன். சுலோசன முதலியார் பாலத்தையும் ஈரடுக்கு மேம்பாலத்தையும் கடந்து டவுன் ஆர்ச் வரைக்கும் ஒருவாறு ஊர்ந்து வந்துவிட்டேன். ஆர்ச்சைத் தாண்டிய பிறகு வண்டி நகரவே இல்லை. நிறுத்த இடம் தேடி ரத வீதிகளை இரண்டு முறை சுற்றினேன். இரண்டாவது சுற்றில், வாகையடி முக்குக்குப் பக்கத்தில் ஓர் இடம் கண்ணில் பட்டு, வண்டியைப் பின்னால் எடுத்து ஒடித்துத் திருப்பிக்கொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. படிக்கட்டு வரை ஆட்கள். ஜன்னலோரம் ஒரு பெண், மடியில் தூங்கும் குழந்தைக்குச் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தார். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. என் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். காரில் நான் ஒருவன். பஸ்ஸில் அறுபது, எழுபது பேர். ஒருவன் வண்டியை ஓரம் கட்டுவதற்காக அத்தனை பேர் காத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து இந்த எண்ணம் என்னை விடவில்லை. நகரத்தின் நடுப்பகுதிக்குள் வரும் கார்களிடம் கட்டணம் வாங்கும் முறையைச் சிங்கப்பூர் 1975 ஜூன் மாதமே தொடங்கியது. அப்போது கணினியும் கேமராவும் இல்லை. ஒரு நாளைக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து உரிமச் சீட்டு வாங்கிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும், எல்லையில் நிற்கும் காவலர்கள் கண்ணால் பார்த்தே சரிபார்ப்பார்கள். நான்கு பேர் சேர்ந்து வரும் காருக்குக் கட்டணம் கிடையாது. லண்டன் 2003-லும், ஸ்டாக்ஹோம் 2006-லும், நியூயார்க் 2025 ஜனவரியிலும் இந்த வழிக்கு வந்தன. நியூயார்க்கில் மன்ஹாட்டனின் 60-ஆம் தெருவுக்குத் தெற்கே பகல் நேரத்தில் நுழையும் காருக்கு 9 டாலர் வாங்குகிறார்கள். அந்தப் பணம் அங்குள்ள ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் போகிறது.

அவையெல்லாம் பெரிய நகரங்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நம் டவுனைப் போலத் தெளிவான எல்லை உள்ள இடம் வேறு எங்கே இருக்கிறது? கோயில், அதைச் சுற்றி நான்கு ரத வீதிகள், உள்ளே நுழைய விரல்விட்டு எண்ணக்கூடிய சில வழிகள். வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளிலும் பண்டிகைக் காலத்திலும் மட்டுமாவது கார்களுக்கு ஒரு கட்டணம் வைத்து, அதை டவுன் பஸ்ஸுக்கே செலவிட்டால் என்ன? அல்லது பஸ்ஸைச் சரியாக விட்டாலே கார்கள் தாமாகக் குறைந்துவிடுமா? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

பதில்: வடக்கு ரதவீதி வியாபாரி

ஐயா, உங்கள் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. மகளின் விசேஷம் நல்லபடியாக நடக்கட்டும். ஆனால் என் தகப்பனார் காலத்திலிருந்து ரத வீதியில் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவன் என்ற முறையில் இந்த யோசனையை நான் எதிர்க்கிறேன்.

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஊருக்குள் இருப்பவர்கள் அல்லர். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, வள்ளியூர் பக்கத்திலிருந்து கல்யாண ஜவுளிக்கு வருகிறவர்கள், பாட்டி முதல் பேத்தி வரை ஏழு பேராக ஒரே வண்டியில் வருவார்கள். காலையில் கோயிலில் ஓர் அர்ச்சனை, பிறகு ஜவுளி, பாத்திரக்கடை, கிளம்பும்போது அல்வா என்று ஒரு நாள் முழுவதும் டவுனுக்குள் செலவு செய்கிற குடும்பங்கள் அவை. உள்ளே வருவதற்கே நூறு ரூபாய் என்று சொன்னால், வண்ணார்பேட்டையில் பெரிய பெரிய கடைகள் கீழ்த்தளத்திலேயே வண்டி நிறுத்த இடம் வைத்துக்கொண்டு காத்திருக்கின்றன, அங்கே போய்விடுவார்கள். ஒரு முறை அங்கே கால் வைத்துப் பழகிய குடும்பத்தைத் திரும்ப டவுனுக்குக் கொண்டுவருவது எளிதன்று. சந்திப்புப் பேருந்து நிலையம் இடித்துக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில், எந்த பஸ் எங்கே நிற்கும் என்று தெரியாமல் சனங்கள் அலைந்ததையும், கிராமத்து வாடிக்கையாளர் வரத்து குறைந்ததையும் கல்லாவில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன். முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பட்டம் கொடுத்துப் போற்றிய நாடு இது. தாமிரபரணிக்குப் பாலம் வேண்டியிருந்தபோது, தன் சொந்தப் பணத்தைப் போட்டு 1843-இல் கட்டி முடித்துக் கொடுத்த சுலோசன முதலியாரின் ஊர் இது. இந்த மண்ணில் ஊருக்குள் வருகிறவனிடம் வாசலிலேயே கையை நீட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

பதில்: ஓய்வுபெற்ற நடத்துநர், பேட்டை

அண்ணாச்சி சொன்னதையும் கொக்கிரகுளத்து ஐயா சொன்னதையும் இரண்டு முறை படித்தேன். டவுன் பஸ்ஸில் இருபத்தெட்டு ஆண்டுகள் பையையும் டிக்கெட் கட்டையும் சுமந்தவன் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பேட்டையிலிருந்து டவுன், சந்திப்பு, வண்ணார்பேட்டை வழியாகப் பாளை போகிற ஒரு நடைக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரத்தில் எட்டு நடை போகலாம். ஒவ்வொரு நடையிலும் ரத வீதியிலும் ஆர்ச்சுப் பக்கத்திலும் சேர்ந்து பதினைந்து நிமிடம் வீணானால், அதே ஆறு மணி நேரத்தில் ஆறு நடைதான் போக முடியும். அதே பஸ், அதே டீசல், அதே ஓட்டுநர், அதே நடத்துநர். ஆனால் இரண்டு நடை காணாமல் போய்விடுகிறது. நிறுத்தத்தில் நிற்கிறவருக்கு இந்தக் கணக்குத் தெரியாது. அரை மணி நேரமாக பஸ் வரவில்லை என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். அவர் நான்கு நாள் பொறுப்பார். ஐந்தாம் நாள் தவணைக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கிவிடுவார். அந்த ஸ்கூட்டரும் அதே வீதிக்குள் வரும். பஸ் இன்னும் தாமதமாகும். கூட்டம் குறைந்துவிட்டது என்று சொல்லி அந்தத் தடத்தில் ஒரு வண்டியை எடுத்துவிடுவார்கள். பஸ் சரியில்லாததால் சனங்கள் வண்டி வாங்குகிறார்களா, வண்டி பெருகியதால் பஸ் சரியில்லாமல் போகிறதா என்று கேட்டால், இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள்.

ஒரு தீபாவளிக்கு முந்திய வாரம், மாலை ஏழு மணி இருக்கும். துணிக்கடை வாசலில் ஒரு கார், பாதி ஓரத்திலும் பாதி வீதியிலுமாக நின்றது. ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்துக்கொண்டு உறங்கிவிட்டார். எங்கள் ஓட்டுநர் ஒலி எழுப்பிப் பார்த்தார். அந்த இரைச்சலில் அது யார் காதில் விழும்? நான் இறங்கிப் போய்க் கண்ணாடியைத் தட்டி எழுப்பினேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். “முதலாளி உள்ளே இருக்கிறார், வண்டியை எடுத்தால் திரும்ப இடம் கிடைக்காது, ஐந்து நிமிடம் பொறுங்கள்” என்றார். திரும்பி வந்து பார்த்தால், முன் இருக்கையில் ஒரு பெரியவர், ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், சாப்பாட்டுத் தூக்கைக் கால் இடுக்கில் வைத்துக்கொண்டு, “தம்பி, வார்டுக்குள் விடுவதை நிறுத்திவிடுவார்களோ?” என்று என்னிடம் கேட்டார். அவர் மனைவி அங்கே படுத்திருந்தார். பதினோரு நிமிடம் கழித்து அந்தக் கார் நகர்ந்தது. பெரியவர் உள்ளே போக முடிந்ததா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அண்ணாச்சி கோபித்துக்கொள்ளக் கூடாது. வாசலில் கையை நீட்டுவது தப்பு என்கிறீர்கள். அந்தப் பதினோரு நிமிடத்தையும் அந்த பஸ்ஸில் இருந்த எழுபது பேரிடமிருந்து கேட்காமல்தானே எடுத்துக்கொண்டார்கள்? முதலியார் பாலம் கட்டிக் கொடுத்தது சனங்கள் கடந்து போவதற்கு. வழியில் ஒருவர் நின்றுகொள்வதற்கு அன்று.

ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியில் ஒரு வண்டியும் கிடையாது. வடம் பிடிக்கிறவர்களும் பார்க்கிறவர்களுமாக அத்தனை ஆயிரம் பேர் அந்த வீதிக்குள் அடங்குகிறார்கள். வீதி குறுகலாகிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறோம்; அன்றைக்குப் பார்த்தால்தான் அதன் அகலம் தெரியும்.

பதில்: குறுக்குத்துறைக்காரன், லண்டனிலிருந்து

டவுனில் பிறந்து வளர்ந்து, கட்டணம் வருவதற்கு முன்பே லண்டனுக்கு வேலைக்கு வந்தவன் என்பதால், இங்கே நடந்ததை நேரில் பார்த்த வகையில் எழுதுகிறேன்.

2003 பிப்ரவரி 17-ஆம் தேதி, திங்கட்கிழமை, அன்றைய மேயர் கென் லிவிங்ஸ்டன் இதைத் தொடங்கியபோது கட்டணம் 5 பவுண்டு. நகரம் ஸ்தம்பித்துப் போகும், கடைகள் மூடப்படும் என்று முந்தைய வாரம் வரை பேசினார்கள். அண்ணாச்சியின் பயம் இங்கேயும் அப்படியே இருந்தது. நுழைவாயிலில் தடுப்புக் கம்பம் கிடையாது, யாரும் வண்டியை நிறுத்த வேண்டியதில்லை. கேமரா எண் பலகையைப் படித்துவிடும். பஸ், மோட்டார் சைக்கிள், மாற்றுத்திறனாளிகளின் வண்டி ஆகியவற்றுக்குக் கட்டணம் இல்லை. எல்லைக்குள் குடியிருந்தவர்களுக்கு 90 விழுக்காடு தள்ளுபடி கொடுத்தார்கள். முதல் சில ஆண்டுகளில் உள்ளே வரும் வண்டிகள் ஏறத்தாழ 18 விழுக்காடும், நெரிசலால் ஆகும் தாமதம் ஏறத்தாழ 30 விழுக்காடும் குறைந்தன.

ஆனால் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது அந்த எண்களை அன்று. கட்டணம் தொடங்கிய அதே நாளில் ஏறத்தாழ 300 பஸ்களைக் கூடுதலாகச் சாலையில் இறக்கினார்கள். காரை வீட்டில் விட்டவன் நிறுத்தத்துக்கு வந்தபோது அவனுக்கு பஸ் இருந்தது. மிஞ்சும் வருமானத்தைப் போக்குவரத்துக்குத்தான் செலவிட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். இந்த இரண்டும் இல்லாமல் கேமராவை மட்டும் மாட்டியிருந்தால், அது பணக்காரர்களுக்கு வீதியைக் காலி செய்து கொடுத்த வேலையாக முடிந்திருக்கும்.

தவறுகளும் நடந்தன. 2007-இல் மேற்குப் பக்கமாக எல்லையை விரித்தார்கள். எதிர்ப்பு வலுத்து, அடுத்த மேயர் காலத்தில் 2011 தொடக்கத்தோடு அந்த விரிவாக்கம் கைவிடப்பட்டது. வாடகைக் கார்களுக்கு விலக்கு கொடுத்திருந்தார்கள். செயலி வழியாக அழைக்கும் கார்கள் வந்ததும் அந்தத் துளை பெரிதாகி, 2019-இல்தான் அதை அடைத்தார்கள். நம் ஊரில் யாருக்கு விலக்கு என்று பேசும்போது இதை மறக்கக் கூடாது. நெரிசலும் பின்னாளில் திரும்பி வந்தது. ஆனாலும் கட்டணம் எடுக்கப்படவில்லை. படிப்படியாக உயர்ந்து இந்த 2026 ஜனவரியில் 18 பவுண்டாகியிருக்கிறது.

நெல்லைக்கு நான் சொல்வேன் என்றால், லண்டனைவிட ஸ்டாக்ஹோமைத்தான் சொல்வேன். அங்கே 2005 ஆகஸ்டிலேயே கூடுதல் பஸ்களை ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். 2006 ஜனவரி முதல் ஜூலை வரை ஏழு மாதம் மட்டும் கட்டணத்தை வாங்கிப் பார்த்தார்கள். எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. ஜூலை முடிவில் கட்டணத்தை நிறுத்தினார்கள். வண்டிகள் மறுபடியும் பெருகின. இரண்டையும் கண்ணால் பார்த்த பிறகு, செப்டம்பரில் ஊர் மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். தொடக்கத்தில் பெரும்பாலோர் எதிர்த்த அந்த ஊரில் பெரும்பான்மை வேண்டும் என்றது. 2007 ஆகஸ்டில் நிலையாகிவிட்டது. எடின்பரோவில் 2005-லும், மான்செஸ்டரில் 2008-லும் எதையும் செய்து காட்டாமல் முதலிலேயே வாக்குக் கேட்டார்கள். இரண்டு ஊரிலும் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினரோ அதற்கு மேலோ வேண்டாம் என்று போட்டார்கள். பார்க்காத பண்டத்துக்கு யார் விலை சொல்வார்கள்?

பஸ்ஸை மட்டும் சரிசெய்தால் போதுமா என்று ஐயா கேட்டிருந்தார். போதாது என்றுதான் நினைக்கிறேன். லக்சம்பர்க் நாட்டில் 2020 முதல் பஸ்ஸும் ரயிலும் எல்லோருக்கும் இலவசம். அதனால் மட்டும் அங்கே கார்கள் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. காரில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பஸ் டிக்கெட் விலை ஒரு பொருட்டே அன்று. அவன் வருகிற வழியில் பஸ் அவனை முந்திக்கொண்டு போனால்தான் யோசிப்பான்.

பதில்: சுத்தமல்லி வாசகி

நான் டவுனில் ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். இதுவரை எழுதிய எல்லோரும் டவுனுக்குள் வருவதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். வந்தவர்கள் திரும்பிப் போக வேண்டாமா?

2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. என்னைப் போன்ற ஒருத்தியின் சம்பளத்தில் அது எவ்வளவு பெரிய உதவி என்பதை வார்த்தையால் சொல்ல முடியாது. அந்தப் பணத்தில்தான் என் மகனுக்கு மாலை வகுப்பு. ஆனால் இரவு கடையில் விரித்துப் போட்ட புடவைகளை எல்லாம் மடித்து அடுக்கி, விளக்கை அணைத்து வெளியே வரும்போது, ஆண்களும் பெண்களுமாக ஒரு கூட்டமே நிறுத்தத்தில் நிற்போம். பஸ் வந்தால் வரும். வரவில்லை என்றால் ஷேர் ஆட்டோதான். காலையில் மிச்சப்பட்ட காசு இரவில் அங்கே போய்விடும். மழைக்காலத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நனைந்துகொண்டே நின்றிருக்கிறேன். வீட்டில் அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பார்.

அண்ணாச்சி, காரில் வருகிற வாடிக்கையாளர் வராமல் போய்விடுவார் என்று கவலைப்படுகிறீர்கள். அவர் வந்து உட்கார்ந்ததும் புடவையை எடுத்துப் போடுகிறவள் பஸ்ஸில் வந்தவள். தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் பையனும் பஸ்ஸில் வந்தவன். எங்களுக்கும் சேர்த்துக் கவலைப்படுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பதில்: வழக்கறிஞர், பாளையங்கோட்டை

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாநகராட்சி தானாக ஒரு தீர்மானம் போட்டு இந்தக் கட்டணத்தை வாங்கிவிட முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலில் வாகன வரி 57-ஆவது இனமாகவும் சாலைச் சுங்கக் கட்டணம் 59-ஆவது இனமாகவும் இருக்கின்றன. ஆகவே மாநிலச் சட்டம் ஒன்று வேண்டும். அதே பட்டியலின் 52-ஆவது இனத்தில் இருந்த, உள்ளூருக்குள் வரும் சரக்கின் மீதான நுழைவு வரி, 2016-இல் நடந்த 101-ஆவது திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. அந்தப் பழைய நுழைவு வரியையும் இதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே பேசப்படுவது சரக்கின் மீதான வரி அன்று. வீதியைப் பயன்படுத்துவதற்கான கட்டணம்.

கட்டணம் இல்லாமல் நேரத்தைக் கட்டுப்படுத்துவதற்கு இப்போதே வழி இருக்கிறது. பொதுமக்களின் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ ஒரு பகுதியில் வண்டிகள் செல்வதைத் தடுக்கவும் வரையறுக்கவும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. வண்டிகளின் வரவை வரையறுப்பது நமக்குப் புதிதும் அன்று. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் இருக்கிறது. முதல் வாரம் முணுமுணுத்தவர்கள் எல்லோரும் இப்போது கைப்பேசியில் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

பதில்: வடக்கு ரதவீதி வியாபாரி

சகோதரி எழுதியதைப் படித்த பிறகு நேற்று இரவு கடை சாத்தியதும் உடனே வீட்டுக்குக் கிளம்பாமல் நிறுத்தத்துப் பக்கம் நடந்து போய்ப் பார்த்தேன். என் கடையில் வேலை பார்க்கும் மூன்று பேர் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். எப்போதுமே இப்படித்தான் முதலாளி என்றார்கள். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு உண்மையையும் எழுதுகிறேன். கடை வாசலில் இடமில்லை என்று நாங்கள் எல்லோரும் குறைபட்டுக்கொள்கிறோமே, அந்த இடத்தில் காலை ஒன்பதரை மணி முதல் இரவு வரை அசையாமல் நிற்பவை பெரும்பாலும் எங்கள் வண்டிகள்தாம். வாடிக்கையாளர் ஒரு மணி நேரம் நிறுத்துவார், போய்விடுவார். நான் பன்னிரண்டு மணி நேரம் நிறுத்துகிறேன். வீதிக்குக் காசு வாங்குவது என்றால் முதலில் என்னிடம் வாங்குவதுதான் நியாயம்.

ஆகவே எதிர்ப்பு என்ற நிலையிலிருந்து நான் ஓரடி நகர்ந்துகொள்கிறேன். எதுவும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வரிசை முக்கியம். ஸ்டாக்ஹோமில் செய்ததைப் போல முதலில் பஸ் வரட்டும். கட்டணம் என்ற பேச்சுக்கு முன்பாக, நாள் முழுவதும் வீதியை அடைத்து நிற்கும் கடைக்காரர் வண்டிகளைப் பொருட்காட்சித் திடல் போல வெளியே ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். அங்கிருந்து நடந்து வர எனக்குக் கால் இருக்கிறது. சரக்கு இறக்கும் வண்டிகளுக்கு அதிகாலை நேரத்தை ஒதுக்குங்கள். அதன் பிறகும் வீதி அடைபட்டுக் கிடந்தால், வாரக் கடைசி மாலைகளில் மட்டும், கூட்டமாக வரும் வண்டிக்கு விலக்கு அளித்து, கொஞ்சகாலம் வாங்கிப் பாருங்கள். வசூலான ஒவ்வொரு ரூபாயும் எந்தத் தடத்தில் எத்தனை நடையாக மாறியது என்று மாதாமாதம் ஆர்ச்சில் ஒரு பலகையில் எழுதிப் போட வேண்டும். அது இல்லாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பதில்: குறுக்குத்துறைக்காரன், லண்டனிலிருந்து

அண்ணாச்சி சொன்ன வெளியிடத்து நிறுத்தத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சிங்கப்பூரில் 1975-இல் நகரின் ஓரத்தில் பெரிய நிறுத்துமிடங்கள் அமைத்து, அங்கிருந்து தனி பஸ்ஸும் விட்டார்கள். யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. ஒரு வண்டியிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறுவதை மனம் ஏற்கவில்லை. காரை விட்டவர்கள் வீட்டருகிலிருந்தே வழக்கமான பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். நடந்து வரும் தூரத்தில் இருப்பதால் திடல் உங்களுக்குப் பயன்படலாம். அதற்கு மேல் அதில் பணத்தைக் கொட்ட வேண்டாம். பேட்டை, சுத்தமல்லி, மேலப்பாளையம், தச்சநல்லூர் பஸ்களுக்கே அதைக் கொடுங்கள்.

பதில்: கொக்கிரகுளத்தான்

எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கட்டணமா, பஸ்ஸா என்று நான் கேட்ட கேள்வியே பிழையான கேள்வி என்று இப்போது தெரிகிறது. நடத்துநர் ஐயாவின் கணக்கு என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. ஆறு மணி நேரத்தில் காணாமல் போகும் அந்த இரண்டு நடைகளைத் திரும்ப வாங்கித் தர முடிந்தால், புதிதாக ஒரு பஸ் கூட வாங்காமலே நாலில் ஒரு பங்கு நடையை மீட்டுவிடலாம். அதற்குத் தேவை பஸ்ஸுக்குத் தடையில்லாத ஒரு வழி. அந்த வழியைத் திறந்து வைப்பதற்குத்தான் கட்டணம் உதவ வேண்டும். கருவூலத்தை நிரப்புவதற்கு அன்று.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாளில் ஒரு மனு கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அலுவலகம் என் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். மனுவில் கட்டணத்தைப் பற்றி இப்போதைக்கு ஒரு வரி கூட எழுதப் போவதில்லை. இரவு கடை அடைக்கும் நேரத்துக்கு டவுனிலிருந்து நான்கு திசைக்கும் பஸ் வேண்டும் என்பதும், வெள்ளி முதல் ஞாயிறு வரை மாலை ஐந்து முதல் ஒன்பது வரை ரத வீதிகளில் கார் நிறுத்தக் கூடாது என்பதும்தான் கோரிக்கை. ஆனால் வெறும் கையோடு போனால் மனு மனுவாகவே இருந்துவிடும். எத்தனை பஸ், எத்தனை கார், அவற்றில் எத்தனை பேர் என்று நாமே எண்ணி எழுதிக்கொண்டு போனால்தான் பேச முடியும்.

பதில்: ஓய்வுபெற்ற நடத்துநர், பேட்டை

இந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வாகையடி முக்கில் நான் நிற்கிறேன். தலை எண்ணுவதில் இருபத்தெட்டு வருஷப் பழக்கம் இருக்கிறது. ஓடுகிற பஸ்ஸில் எத்தனை பேர் என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவேன். கார்களை எண்ணுவதற்கு மட்டும் கண் தெளிவாக உள்ள ஓர் இளைஞர் பக்கத்தில் இருந்தால் நல்லது. கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிவைத்துவிட்டேன்.

பதில்: சுத்தமல்லி வாசகி

ஐயா, என் மகன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். வெள்ளிக்கிழமை மாலை வகுப்பு முடிந்ததும் அவனை அனுப்பிவைக்கிறேன். இரவு எந்த பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றோம் என்பதை நிறுத்தத்தில் நின்று நான் எழுதிவிடுகிறேன். எப்படியும் நிற்கத்தானே வேண்டும்.